சாவி, மாங்காய், பால்

புதிதாகச் சேரும் பிள்ளைகளிடம் ஐந்து நிமிடம் பேச வேண்டும் என்று எனக்குப் பாடம் எடுத்த ரூபா மேடம் சொல்லிவிட்டார். தலைப்பையும் அவரே கொடுத்தார்: 'இந்தப் படிப்பில் நான் பெற்றது என்ன?' மூன்று வருடம் படித்துத் துறையிலேயே முதலாவதாக வந்திருக்கிறேன், நான் பேசாமல் வேறு யார் பேசுவது என்று அவருக்கு நினைப்பு. சரி மேடம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். தலையாட்டுவது எங்கள் குடும்பத்துக்கு நன்றாக வரும்.

எங்கள் படிப்புக்கு முதுமையியல் என்று பெயர். திருப்பதியில் ஒரு தனியார் கல்லூரியில் நடக்கிறது. இதில் ஒரே பாடம், ஒரே வாத்தியார் என்பது கிடையாது. திங்கட்கிழமை டாக்டர் வந்து மூளையைப் பற்றிப் பாடம் எடுப்பார். செவ்வாய்க்கிழமை வக்கீல் வருவார், சொத்தை எழுதிக் கொடுத்துவிட்டுச் சோற்றுக்கு அலையும் பெற்றோருக்கு என்ன சட்டம் இருக்கிறது என்று சொல்வார். அப்புறம் ஒரு இன்ஜினியர், பாத்ரூமில் கைப்பிடி எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்று டேப் வைத்து அளந்து காட்டுவார். சாப்பாடு, மனசு, பென்ஷன், கண், காது என்று எல்லாவற்றுக்கும் ஆள் உண்டு. எங்கள் ஊர் நகரியில் யாருக்கும் இது என்ன படிப்பு என்று புரியவில்லை. கேட்டவர்களிடமெல்லாம் அம்மா "டாக்டருக்குக் கிட்டக்க" என்று சொல்லிவைத்தாள்.

என் அண்ணன் கிஷோருக்குக் கிண்டல்தான். "கெழவங்களைப் பத்திப் படிக்கிறியாம்ல? நம்ம தெருவுல வந்து உக்காரு யாமினி, ஃபீஸே இல்லாம கத்துக்கலாம்" என்பான். அவன் வாயை அடைக்க வேண்டும் என்ற வெறி முதல் வருடம் முழுக்க எனக்கு இருந்தது. அந்த வெறியில்தான் எல்லாம் கெட்டது.

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். என் நைனா பெயர் கோவர்த்தனன். வீட்டுக்குப் பின்னால் தகர ஷெட்டில் எட்டு பவர்லூம் தறிகள் வைத்திருந்தார். பதினாறு வயதிலிருந்து தறிச் சத்தத்தில் இருந்தவர். அந்த ஷெட்டுக்குள் எட்டுத் தறியும் ஓடும்போது தொண்டைக்கு வேலையே இல்லை. எதிரில் நின்று, வாயைப் பெரிதாகத் திறந்து, கையையும் ஆட்டித்தான் பேச வேண்டும். பார்ப்பவர் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். தார்க்குச்சியில் நூல் தீர்ந்துவிட்டது, சோறு வந்துவிட்டது, உன் மாமியார் வந்திருக்கிறாள், எல்லாச் சேதியும் அப்படித்தான் போகும். வெளியே வந்தாலும் எங்கள் தெருவில் எல்லோரும் கத்தித்தான் பேசுவார்கள். இன்னாருக்குக் காது கேட்காது என்று எங்கள் தெருவில் யாரும் யாரைப் பற்றியும் சொல்லி நான் கேட்டதில்லை.

முதல் வருடம் சங்கராந்தி லீவுக்கு வந்தபோது நைனா என்னவோபோல் இருந்தார். தொட்டி நிரம்பித் தண்ணீர் வழிகிறது, பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், எழுந்து குழாயை மூடவில்லை. குக்கர் ஏழு விசில் விட்டும் அடுப்பை அணைக்கவில்லை. அம்மா ஒன்று கேட்டால் சிரிக்கிறார். உறவுக்காரர்கள் வந்தால் மூலையில் போய் உட்கார்ந்துகொள்கிறார். எனக்கு அப்போதுதான் ஞாபக மறதி நோய் பற்றிய பாடம் முடிந்திருந்தது. புதிதாகச் சைக்கிள் கற்றவன் தெருமுனைக் கடைக்கும் சைக்கிளில்தான் போவான். நானும் நைனாவைப் பார்த்த மாத்திரத்தில் முடிவு செய்துவிட்டேன்.

அடுத்த மாதம் எங்கள் துறை நகரியில் ஒரு கல்யாண மண்டபத்தில் முகாம் நடத்தியது. வயதானவர்களுக்கு ஞாபகசக்திப் பரிசோதனை. கொரோனா முழுதாகப் போகாத சமயம், நாங்கள் பன்னிரண்டு பேரும் மாஸ்க் போட்டிருந்தோம். நைனாவை நானே கூட்டிப்போய் என் மேஜைக்கு எதிரே உட்கார வைத்தேன். சொந்தக்காரர்களை நீங்களே பரிசோதிக்காதீர்கள் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். எனக்குத்தான் எல்லாம் தெரியுமே!

"மூணு வார்த்தை சொல்றேன் நைனா, ஞாபகம் வெச்சிக்கோ. சாவி, மாங்கா, பால். எங்க, திருப்பிச் சொல்லு."

நைனா சிரித்துக்கொண்டே தலையாட்டினார். இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டேன். "ஆமாம்மா, ஆமா" என்றார். நூறிலிருந்து ஏழைக் கழிக்கச் சொன்னேன். துணிக்கணக்கில் யாரும் ஏமாற்ற முடியாத மனுஷன், அதற்கும் "ஆமா" என்றார். ஐந்து நிமிடம் கழித்து அந்த மூன்று வார்த்தை என்ன என்று கேட்டேன். என் முகத்தையே பார்த்தார். மாஸ்க்குக்கு மேலே கண் மட்டும்தான் தெரிந்திருக்கும். முப்பதுக்கு நான்கு மார்க் போட்டேன்.

அந்தத் தாளின் அடியில் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். 'பரிசோதனைக்கு முன் கண், காது சரிபார்க்கப்பட்டதா?' என்று அதன் பக்கத்தில் அச்சடித்திருக்கும். நான் சரிபார்க்கவில்லை. டிக் போட்டேன். வரிசையில் ஆட்கள் நின்றார்கள், நேரமில்லை என்பது ஒரு காரணம். என் நைனாவைப் பற்றி எனக்குத் தெரியாதா என்பது இன்னொரு காரணம். அந்தத் தாளை ஒரு டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர், எல்லாம் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார்கள் என்று நம்பி மாத்திரை கொடுத்தார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை.

வீட்டில் கொஞ்ச நாள் நம்பாமல்தான் இருந்தார்கள். அந்தப் புரட்டாசியில் அண்ணன் மகளுக்கு மொட்டை போடத் திருமலைக்கு நடந்து ஏறினோம். அலிபிரியில் படியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு நைனா வழக்கம்போல முன்னால் விறுவிறுவென்று போய்விட்டார். இருநூறு படி தாண்டுவதற்குள் அம்மா மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டாள். அண்ணன் பின்னாலிருந்து கத்தினான். நைனா திரும்பவில்லை. கூட்டத்தில் மறைந்துபோனார். போனில் பதினேழு முறை கூப்பிட்டோம், எடுக்கவில்லை. மேலும் கீழும் மூன்று மணி நேரம் தேடி அலைந்தோம். கடைசியில் பாதி வழியில் இருக்கும் காலி கோபுரத்தருகே ஒரு கடை வாசலில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். போன் சட்டைப் பையில்தான் இருந்தது.

"இன்னா இவ்ளோ நேரம்? உங்களுக்காவத்தான் காத்துக்கினு கீறேன். குழந்தை எதனா துன்னுச்சா?" என்று கேட்டார்.

அண்ணன் நடுப்படியில் உட்கார்ந்து அழுதுவிட்டான். நான் அழவில்லை. இப்படித் தனியாகப் போய்விடுவது இந்த நோயில் இரண்டாவது கட்டம் என்று அவனுக்கு விளக்கினேன். முதல் தடவையாக அவன் என்னைக் கிண்டல் செய்யாமல் கேட்டுக்கொண்டான். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, அப்போது எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

"அப்போ நைனாவைத் தறிக்கிட்ட விடலாமா? ஓடற தறியில கைய வெச்சிட்டாருன்னா?" என்று கேட்டான்.

"விடக் கூடாதுண்ணா."

அம்மாதான் இழுத்தாள். "ஷெட்டுல நல்லாத்தானே கீறாரு? வாயத் தொறந்து பேசறதே அங்கதான் பேசறாரு. வூட்டுக்குள்ள வந்தாத்தான் பொம்மையாட்டம் ஆயிடறாரு."

அவள் சொன்னதை அப்படியே எழுதிக் கொடுத்திருந்தால் எங்கள் கல்லூரியில் எந்த வாத்தியாரும் உண்மையான கோளாறு எது என்று கண்டுபிடித்திருப்பார். ஆனால் என்னிடம் அதற்கும் பதில் இருந்தது. பழகிய வேலை கடைசி வரைக்கும் கையில் நிற்கும், அதை வைத்து ஏமாறக் கூடாது என்று அம்மாவின் வாயையும் அடைத்தேன். அவள் எட்டாவதுதான் படித்தவள். மகள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

கார்த்திகையில் எட்டுத் தறியையும் அண்ணன் விற்றான். லாரி வந்தது. தறிகளைக் கழற்ற வந்த ஆட்களுக்கு நைனா ஸ்பானர் எடுத்துக் கொடுத்தார், எந்த போல்ட் எப்படிக் கழலும் என்று காட்டிக் கொடுத்தார். ஏன் விற்கிறோம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அண்ணன் சொன்னதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தான். தலையைக் குனிந்துகொண்டு தரையைப் பார்த்துச் சொன்னானாம். லாரி போனதும் நைனா ஷெட்டை ஒரு நாள் முழுக்கப் பெருக்கினார், தண்ணீர் ஊற்றிக் கழுவினார். அப்புறம் உள்ளே வந்து "புதுத் தறி எப்போ வருது?" என்று கேட்டார்.

நான்கைந்து தடவை கேட்டார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டார்.

அதற்குப் பிறகு ஒன்றரை வருடம். அம்மா கேட்டைப் பூட்டி வைத்தாள். வேளாவேளைக்குச் சோறு, மாத்திரை. அவரிடம் பேசினால் குழம்பிப்போவார், தொந்தரவு செய்யாதீர்கள் என்று நான் சொல்லியிருந்தேன், அதனால் யாரும் பேசவில்லை. அவரைப் பற்றி அவர் எதிரிலேயே பேசினோம். அவர் எங்கள் முதுகுகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் திருப்பதி ஹாஸ்டலில் இருந்துகொண்டு பரிசோதனைத் தாள்களுக்கு மார்க் வாங்கிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் வருடத்தில் காது பற்றிய பாடம் வந்தது. ரூபா மேடம்தான் எடுத்தார். ஒரு நாள் பாதிப் பேருடைய காதில் பஞ்சை அடைத்து, அதன்மேல் ஹெட்போனும் மாட்டச் சொன்னார். தானும் ஒரு மாஸ்க் போட்டுக்கொண்டு ஒவ்வொருவராகக் கேள்வி கேட்டார். எனக்குப் பஞ்சு வரவில்லை, வேடிக்கை பார்க்கிற வரிசையில் இருந்தேன். முதலில் கிரண்குமார் மாட்டினான். எங்கள் வகுப்பிலேயே வாயாடி. மேடம் என்னவோ கேட்டார். அவன் சிரித்துக்கொண்டே தலையாட்டினான். "ஆமா மேடம், ஆமா" என்றான்.

எல்லோரும் கைதட்டிச் சிரித்தார்கள். கிரண்குமாரின் அந்தச் சிரிப்பை நான் முன்பே பார்த்திருக்கிறேன். அதற்கு மார்க் போட்டிருக்கிறேன். பையைக்கூட எடுக்காமல் எழுந்து வெளியே வந்து புத்தூர் வழியாக நகரி போகிற பஸ்ஸில் ஏறிவிட்டேன். வழியெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கணக்கு நேரானது. தொட்டித் தண்ணீர், குக்கர், அலிபிரிப் படி, சட்டைப் பையில் அடித்த போன். ஷெட்டில் எல்லோரும் உதடு காட்டிப் பேசினார்கள், அதனால் அங்கே அவர் எங்கள் எல்லோரையும்விடத் தெளிவாக இருந்தார். அந்த ஒரு இடத்தைத்தான் நான் பிடுங்கினேன்.

வீட்டுக்குப் போனபோது நைனா முன்னறையில் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பின்னால் நின்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. கைதட்டினேன். ஒரு எவர்சில்வர் தட்டைத் தரையில் போட்டேன். அம்மா சமையலறையிலிருந்து ஓடி வந்தாள், நைனா அசையவில்லை. நான் அவர் எதிரில் போய் மண்டியிட்டேன். சத்தமே இல்லாமல், ஷெட்டில் பேசுவதுபோல வாயை மட்டும் பெரிதாக அசைத்து, "துன்னியா நைனா?" என்று கேட்டேன்.

"துன்னேம்மா. நீ எப்போ வந்தே? இன்னா இது, பாதி நாள்லயே வந்துட்டே? லீவா?"

அம்மா கதவைப் பிடித்துக்கொண்டாள். "நீ பேசவே இல்லியேடி. அவரு எப்படி பதில் சொல்றாரு?"

நான் அம்மாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் நைனாவுக்கு என் வாய் தெரியாது. அன்றைக்கு மண்டபத்தில் நான் கேட்டதற்கெல்லாம் ஏன் தலையாட்டினாய் என்று கேட்டேன். அவருக்கு அந்த நாள் நன்றாக ஞாபகம் இருந்தது.

"நீ வாயில துணி கட்டிக்கினு இருந்தியே. இன்னா கேட்டேன்னே தெரியல. உன் டீச்சருங்க, கூடப் படிக்கறவங்க எல்லாம் சுத்தி நின்னுகினு இருந்தாங்க. நான் இன்னா இன்னானு கேட்டுக்கினே இருந்தா உனக்கு அசிங்கமா இருக்குமேன்னு ஆமான்னு சொல்லிட்டேன். ஏம்மா, அதனால உன்னை ஃபெயில் பண்ணிட்டாங்களா?"

அவர் மடியில் தலையை வைத்து அழுதேன். இத்தனை நாளும் அவர் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். என்னால் பிள்ளைக்கு மார்க் போய்விட்டது, அதனால்தான் வீட்டில் யாரும் பேசமாட்டேன் என்கிறார்கள் என்று.

சாயங்காலம் அண்ணன் வந்தான். விஷயத்தைச் சொன்னேன். ஷெட்டுப் பக்கம் கையைக் காட்டி, "நீ சொன்னே. நான் வித்தேன். இப்ப நான் இன்னா பண்றது யாமினி?" என்றான். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவனுக்குத் திட்டவும் வரவில்லை. அன்று இரவுச் சாப்பாட்டின்போது நைனா எல்லோர் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துப் பேசினார். சந்தோஷமாக இருந்தார். என்னிடம் "நீ எப்போ வந்தே?" என்று மறுபடி இரண்டு தடவை கேட்டார். அதை அப்போது நான் எண்ணவில்லை.

ரூபா மேடம்தான் திருப்பதியில் காது டாக்டரிடம் கூட்டிப்போனார். இரண்டு காதுக்கும் மெஷின் வைத்தார்கள். பஸ் ஸ்டாண்டில் காக்கா கத்தியதற்கு நைனா நின்று அண்ணாந்து பார்த்தார். வீட்டில் குக்கர் விசில் அடித்ததும் முதல் ஆளாக ஓடிப்போய் அடுப்பை அணைத்தார். அம்மா வேண்டுமென்றே தினமும் ஒரு தடவை அவரை அணைக்க விட்டாள். நானும் எல்லாம் திரும்பி வந்துவிட்டதாகத்தான் நினைத்தேன்.

ஒரு மாதத்தில் சாவியை அரிசிப் பானையில் வைத்தார். என் பேரை மறந்துவிட்டு அத்தை பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். இந்தத் தடவை நான் எதையும் முடிவு செய்யவில்லை. நரம்பு டாக்டரிடம் போனோம். ஸ்கேன் எடுத்தார், முறையாக எல்லாம் பார்த்தார். ஞாபக மறதி நோய் என்றார், இப்போது நிஜமாகவே. அப்போதே இருந்ததா என்று கேட்டேன். நைனாவுக்குக் காது கேட்டிருந்தால், தறி இருந்திருந்தால், நாங்கள் பேசிக்கொண்டு இருந்திருந்தால் இது வராமல் இருந்திருக்குமா?

"சொல்ல முடியாதும்மா" என்றார் டாக்டர். "காது கேக்காம, பேச்சுத்துணை இல்லாம இருந்தா சீக்கிரம் வர்றதுக்கு வாய்ப்பு அதிகம். அப்படி இல்லாமலும் வந்திருக்கலாம். யாராலயும் சொல்ல முடியாது."

அவர் ஆமாம் என்று சொல்லியிருந்தால்கூட எனக்கு ஒரு தண்டனை கிடைத்த நிம்மதி இருந்திருக்கும். இப்போது அதுவும் இல்லை.

நாளைக்குப் புதுப் பிள்ளைகள் வருகிறார்கள். நான் பெற்றது என்ன என்று சொல்ல வேண்டும். அழகாக எழுதி வைத்திருந்த இரண்டு பக்கத்தையும் கிழித்துவிட்டேன். அந்தப் பழைய தாளை எடுத்துப்போகப் போகிறேன். கீழே இருக்கிற கட்டத்தையும், நான் போட்ட டிக்கையும் காட்டுவேன். டாக்டர் பாடம் மட்டும் படித்தால் இப்படி ஆகும், அம்மா சொன்னதைக் காதில் வாங்காவிட்டால் இப்படி ஆகும் என்று சொல்வேன். அவர்களுக்கு உதவும். எனக்குக் கொஞ்சம் தாமதமாக உதவியது.

இன்று காலை நைனாவைப் பரிசோதிக்க வேண்டியிருந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை செய்யச் சொல்லியிருக்கிறார்கள். நீயே செய்யாதே என்று ரூபா மேடம் சொன்னார். நைனா வேறு யார் முன்னாலும் உட்கார மாட்டேன் என்கிறார். ஜன்னலைச் சாத்தினேன், ஃபேனை நிறுத்தினேன். மெஷின் இரண்டையும் சரியாகப் பொருத்தி, பின்னால் நின்று மெதுவாகக் கூப்பிட்டுப் பார்த்தேன். "இன்னாம்மா" என்று திரும்பினார். கட்டத்தில் டிக் போட்டேன்.

எதிரில் உட்கார்ந்தேன். "மூணு வார்த்தை சொல்றேன் நைனா. சாவி, மாங்கா, பால். திருப்பிச் சொல்லு."

"சாவி, மாங்கா, பால்" என்றார். எட்டுத் தறிக்கும் மேலே கேட்கிற மாதிரி கணீரென்று சொன்னார். சொல்லிவிட்டுச் சரிதானே என்பதுபோல் என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஐந்து நிமிடம் வேறு ஏதாவது பேச வேண்டும். ஷெட்டைப் பெருக்கி வைத்துவிட்டதாகச் சொன்னார். புதுத் தறி வந்தால் எந்தப் பக்கம் எத்தனை போடலாம் என்று விரலால் தரையில் கோடு போட்டுக் காட்டினார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பிறகு, நான் சொன்ன மூன்று வார்த்தை என்ன என்று கேட்டேன்.

நைனா என் உதட்டைப் பார்த்தார். காதில் இருந்த மெஷினைத் தொட்டு, சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.

"இன்னொரு வாட்டி சொல்லும்மா" என்றார். "இப்பத்தான் நல்லா கேக்குதே."

சொன்னேன். சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.